நாப்பது பாயிண்ட் வெளிச்சம்

விழுப்புரம்
9.6.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு அமலா எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி எப்படி இருக்கு? அண்ணி எப்படி இருக்காங்க? இசைவாணி எட்டாவது போக ஆரம்பிச்சிட்டாளா? ஒண்ணு விடாம பதில் எழுது.

இந்தக் காலத்துல என்னடி லெட்டர்னு ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. என்ன பண்றது, அண்ணியோட தீர்ப்பு. ஈஸ்டர் அன்னைக்கு நாம போன்ல போட்ட சண்டையில உன் பேனர் கடைக்கு வந்த கஸ்டமரே எழுந்து ஓடிட்டாராமே. "இனிமே ரெண்டு பேரும் எழுத்துலதான் பேசிக்கணும், அப்பதான் பாதியில கட் பண்ண முடியாது"ன்னு அவங்க சொன்னது எனக்கும் நியாயமாத்தான் படுது.

விஷயத்துக்கு வர்றேன். உன் கடையில நெட் இழுக்காதுன்னு தெரியும். அதான் பென்டிரைவை கூரியர்ல அனுப்புறேன். அதுல பன்னெண்டு முகம் இருக்கு. எங்க கம்பெனி ஒரு வெளிநாட்டுக்காரங்களுக்காகச் செய்யிற வீடியோ கேம்ல ஓடப்போற பன்னெண்டு ஓட்டக்காரங்க. கென்யாவுல ஒரு பொண்ணு, ஜப்பான்ல ஒரு தாத்தா, பிரேசில்ல ஒரு பால்காரர், இப்படி. ஒன்பதாம் நம்பர் நம்ம பக்கத்துப் பொண்ணு, பாவாடை சட்டை போட்டிருப்பா. அவதான் கேமோட நாயகி.

ஏழு வருஷமா இந்தக் கம்பெனியில மரம், பாறை, மாட்டு வண்டின்னு வரைஞ்சுக்கினு இருந்தேன். முதல் தடவையா எங்க முதலாளி கோகுலகிருஷ்ணன் சார் ஒரு மனுஷியை என் கையில குடுத்திருக்காரு. அவளை நானே யோசிச்சு நானே வரைஞ்சேன். அந்த வெளிநாட்டுக்காரங்க ஒத்துக்கிட்டா கடைசி வரைக்கும் அவ என்னோடவ.

உன் வேலை சின்னது. முகத்தைக் கம்ப்யூட்டர் பொம்மை மேல சுத்தி ஒட்டும்போது காதுக்குப் பின்னாடி ஒரு தையல் கோடு தெரியும். போட்டோஷாப்ல அதை மறைச்சுக் குடு, போதும். திண்டிவனத்துல எங்க அண்ணன் மாதிரி கை ஓடுற ஆளே கிடையாதுன்னு சார்கிட்ட சொல்லித்தான் இந்த வேலையை வாங்கியிருக்கேன். பத்து நாள்ல வேணும்.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் முத்தம். உனக்குக் கிடையாது, ஈஸ்டர் சண்டை இன்னும் தீரல.

அமலா

*

திண்டிவனம்
14.6.2025

சேசு மரி சூசை துணை.

அருமைத் தங்கச்சி அமலாவுக்கு அண்ணன் ஆரோக்கியராஜ் எழுதிக்கிறது. நானு, உங்க அண்ணி, பாப்பா, ஃப்ளெக்ஸ் மெஷின் நாலு பேரும் சுகம். மெஷினுக்கு மட்டும் லேசா இருமல். முட்டி வலி அப்படியேதான் இருக்குது. உன்னை மாதிரி அதுவும் நான் சொல்றதைக் கேக்காது. பாப்பா எட்டாவது போறா.

வேலையை ஜல்தியா முடிச்சிட்டேன். தையல் கோடு போயே போச்சு. அதோட உட்டேனா? உங்க கம்பெனியில படம் வரையிற புள்ளைங்களுக்கு வெளிச்சம் பத்தலை போல, பாதிப் பேரு இருட்டுல நிக்கிறாங்க. அதனால எல்லாருக்கும் நாப்பது பாயிண்ட் வெளிச்சம் ஏத்திட்டேன். இருவத்திரெண்டு வருஷமா நம்ம கடையில அதான் வழக்கம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எந்த பேனரா இருந்தாலும் நாப்பது. மாப்பிள்ளைக்கு அம்பது. ஃபாதருக்கு முப்பத்தஞ்சு, அவங்க கொஞ்சம் அடக்கமா தெரியணும். அந்தக் கென்யாப் பொண்ணுக்கு அறுவது போட்டேன். பாவம், வெய்யில்ல ஓடி ஓடிக் கறுத்துட்டா போல.

நீ வரைஞ்சேன்னியே, அந்த ஒன்பதாம் நம்பரு. எங்கியோ பாத்த மூஞ்சி மாதிரியே இருக்குது, யாருன்னுதான் தெரியல. லட்சணமான பொண்ணு, ஆனா ரொம்பக் கறுப்பு. நாயகின்னு வேற சொல்லிட்டே. எழுவது ஏத்துனேன். இப்பப் பாரு, மாதா சுரூபம் மாதிரி நிக்கிறா. நீயே அசந்துடுவே.

இதுக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம், தங்கச்சி வேலைன்னு ஆசையா செஞ்சது. வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வச்சிருக்கேன். கூரியர்காரன் தின்னுட்டான்னா எழுது, அவன் பேனரு நம்ம கடையிலதான் இருக்குது.

உடம்பைப் பாத்துக்கோ. வேளைக்குச் சாப்புடு.

அண்ணன் ஆரோக்கியராஜ்

*

விழுப்புரம்
20.6.2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல. மல்லாட்டை வந்துச்சு, கடலை நல்லா வறுபட்டிருந்துச்சு. நல்லதா சொல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு.

உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். மீட்டிங் அன்னைக்குக் காலையில கரண்ட் போயி, கரண்ட் வந்த உடனே மீட்டிங் ஆரம்பிச்சு, பென்டிரைவைத் திறந்து பாக்காமலே எல்லார் முன்னாடியும் சொருகிட்டேன். திரையில அந்த வெளிநாட்டுக்காரங்க வரிசையா உக்காந்திருக்காங்க. அதுல நைரோபியிலிருந்து அக்கின்யின்னு ஒரு மேடம். கேம்ல எந்த இனத்து ஆளையாவது கேவலமா காட்டியிருக்கான்னு பாத்துச் சொல்றதுதான் அவங்க வேலை. அவங்க சரின்னு சொன்னாத்தான் படம் உள்ள போகும்.

பன்னெண்டு முகத்தையும் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க, "இவங்க எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?"

கென்யாப் பொண்ணு உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கா. ஜப்பான் தாத்தாவுக்கு முகமே காணோம், மூக்குக்கண்ணாடி மட்டும் தனியா மிதக்குது. ஒன்பதாம் நம்பரைப் பத்தி நான் எழுதப் போறதில்ல.

கோகுலகிருஷ்ணன் சார் சொல்லிட்டாரு. ஆகஸ்ட் முப்பதுக்குள்ள பன்னெண்டு முகமும் சரியா வந்து அந்த மேடம் ஒத்துக்கணும். இல்லன்னா ஒன்பதாம் நம்பர் என்கூட வரையிற சித்ரா கைக்குப் போயிடும். சித்ரா நல்லவதான், ஆனா அவ என் பொண்ணு இல்லண்ணா. நான் திரும்ப மாட்டு வண்டி வரையப் போகணும்.

நீ ஏத்தின வெளிச்சத்தை எடுத்துட்டு, தையல் வேலையை மட்டும் வச்சு அனுப்பு. அண்ணியைக் கேட்டதா சொல்லு.

அமலா

*

திண்டிவனம்
24.6.2025

தங்கச்சி அமலாவுக்கு,

நாங்க சுகமாத்தான் இருந்தோம், உன் லெட்டரு வர்ற வரைக்கும்.

நல்லது பண்ணவனை நாலு தேசத்துக்காரங்க முன்னாடி வச்சு அசிங்கப்படுத்திட்டியே. அந்த மேடம் வேலை என்னா சொன்னே? மனசு புண்படுதான்னு பாக்குறதா? அதுக்கு ஒரு ஆளா? நம்ம ஊர்ல புண்படுத்துறதுக்குத்தான் ஆளு இருக்கு, அதுவும் சம்பளம் இல்லாம.

கறுப்பைக் கறுப்பா போட்டா யாரு ஒத்துக்குவாங்க சொல்லு. போன வருஷம் பிரம்மதேசத்துல துரைக்கண்ணு காலமாயிட்டாரு. கண்ணீர் அஞ்சலி பேனர்ல வழக்கம்போல நாப்பது ஏத்துனேன். கோலியனூர்லேர்ந்து மாலையோட வந்த சம்பந்தி வூட்டுக்காரங்க, "யாரோ வடக்கத்திக்காரரு போயிட்டாரு போல"ன்னு பேசிக்கினே வூட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. ஏரிக்கரை வரைக்கும் போயி ஆளுவுட்டுக் கூட்டிக்கினு வந்தோம். ஆனா அவரு சம்சாரம் வெள்ளையம்மாள் என்ன சொல்லி அழுதுச்சு தெரியுமா? "உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி இருந்தியா மாமா"ன்னு. அந்தப் பேனரை இன்னும் வூட்டுல சுருட்டி வச்சிருக்குது. அதுக்கு என்ன சொல்றே?

சரி, உன் பேஜாருக்கு வர்றேன். வெளிச்சத்தை எடுக்க முடியாது. படத்து மேல அடுக்கடுக்கா போட்டிருந்த லேயரையெல்லாம் ஒண்ணா ஒட்டிட்டேன். அதனால மேல நாப்பது கறுப்பு ஏத்திட்டேன், ஜப்பான் தாத்தா உட்பட. ஆப்பிரிக்காக்காரங்கன்னு தெரியணுமேன்னு அந்தக் கென்யாப் பொண்ணுக்கு உதட்டைத் தடிமனாக்கி, கண்ணை உருட்டி, பல்லைப் பளிச்சுன்னு ஆக்கியிருக்கேன். மாதிரிக்கு ஆளு கிடைக்கல. புது வூட்டு முன்னாடி மாட்டுற திருஷ்டி பொம்மை டிசைன் கடையில ரெடியா இருக்குது, அதுலேர்ந்து எடுத்துக்கினேன்.

இப்பவாவது அந்த மேடத்துக்கு மனசு ஆறுதா பாக்கலாம். உடம்பைப் பாத்துக்கோ.

அண்ணன்

*

திண்டிவனம்
15.7.2025

மரியே வாழ்க.

அருமைத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கிறது. மூணு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. பென்டிரைவாவது வந்து சேந்துதா? கூரியர்காரன் ரெண்டு தடவை கடைப்பக்கம் வந்தான், எனக்கு ஒண்ணும் தரல. அவன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் புடிக்கல.

உங்க அண்ணி போன்ல சொல்லியிருப்பா. போன வெள்ளிக்கிழமை நம்ம இசைவாணி பெரிய மனுஷி ஆயிட்டா. எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியாம கடைக்கும் வூட்டுக்கும் நடந்துக்கினே இருந்தேன். மஞ்சள் நீராட்டு செப்டம்பர் ஏழு, ஞாயித்துக்கிழமை, மாதா பொறந்த நாளுக்கு முந்தின நாளு. தாய்மாமன் பிரான்சிஸ் மேளத்தோட சீர் கொண்டாறான். மொதத் தண்ணி அத்தைதான் ஊத்தணும். அந்த எடத்துல உன்னைத் தவிர வேற யாரும் கிடையாது எனக்கு. வர்றேன்னு ஒரு வரி எழுது.

பேனரு இருவது அடி. உன் சடங்குக்கு அப்ப பன்னெண்டு அடிதான் போட முடிஞ்சுது. பாப்பா அப்படியே உன் நிறம், அதனால நாப்பது பத்தாது. அறுவது ஏத்தலாம்னு இருக்கேன்.

பதில் எழுதும்மா. கோவம் இருந்தா கோவமாவே எழுது.

அண்ணன்

*

விழுப்புரம்
29.7.2025

அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் நலமா இருப்பீங்க. பாப்பாவுக்கு என் முத்தத்தைச் சொல்லு.

நீ ரெண்டாவதா அனுப்பினதை இந்தத் தடவை நானே முதல்ல திறந்தேன். நான் போட்ட சத்தத்துல சித்ரா டீயைக் கீழ போட்டுட்டா. யாருக்கும் காட்டாம மூடிட்டேன். ஆனா அக்கின்யி மேடம்கிட்ட பொய் சொல்ல மனசு வரல. என்ன வந்துச்சுன்னு சொன்னேன்.

அவங்க கத்தல. பொறுமையா சொன்னாங்க. நூறு நூத்தம்பது வருஷமா கறுப்பு ஜனங்களைக் கேலி பண்ண இதே உதடு, இதே கண்ணு, இதே பல்லைத்தான் வரைஞ்சாங்களாம். சோப்பு டப்பாவுல, பொம்மையில, நாடகத்துல. "எங்க முகத்தைப் பாக்காமலே வரைஞ்ச படங்கள் அதெல்லாம். அந்தப் படத்தைப் பாத்து எங்க பிள்ளைங்க கண்ணாடியைத் திருப்பி வச்சாங்க"ன்னாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. "உங்க அண்ணன் கறுப்பா இருக்கிற ஒருத்தரைக்கூடப் பக்கத்துல பாத்ததில்லையா?"

கேப்பைக் களி நிறம்ணா நாம. அப்பா அப்படித்தான் இருந்தாரு. நீ, நான், இப்ப பாப்பா.

பாப்பா பேனர் பத்தி எழுதியிருந்தே. என் பேனர் பன்னெண்டு அடின்னு ஞாபகம் வச்சிருக்கே. அன்னைக்கு மெட்ராஸ் சித்தப்பா வந்தாரே, அது ஞாபகம் இருக்கா? சரி, கிடக்கட்டும்.

செப்டம்பர் ஏழாந்தேதி லீவு கிடைக்குமான்னு தெரியல. மொதத் தண்ணியை வேற யாராவது ஊத்தட்டும்.

மூலப் படங்களை மறுபடி அனுப்பியிருக்கேன். ஆகஸ்ட் முப்பதாந்தேதிதான் கடைசி. இஷ்டம் இருந்தா செய்.

அமலா

*

திண்டிவனம்
8.8.2025

அமலாவுக்கு அண்ணி லூர்துமேரி எழுதுறேன். நல்லா இருக்கியாம்மா? எனக்கு எழுத்து கோணலா வரும், சிரிக்காதே. எழுத்துலதான் பேசணும்னு தீர்ப்பு சொன்ன பாவத்துக்கு இப்ப நானே உக்காந்து எழுத வேண்டியதா போச்சு.

உன் லெட்டர்ல என்னதான் எழுதியிருந்தே? சட்டைப்பையில வச்சுக்கினு எனக்குக்கூடத் தர மாட்டேங்கிறாரு. படிச்ச அன்னைக்குச் சோறு வேணாம்னுட்டாரு. பரண் மேல ஏறி பழைய கம்ப்யூட்டர் டப்பாவெல்லாம் இறக்கினாரு, முட்டி வலியோட. எதையோ தேடிப் புடிச்சு, மத்தியானம் பூரா அது முன்னாடியே உக்காந்திருந்தாரு. கஸ்டமர் வந்தா "நாளைக்கு வாங்க"ங்கிறாரு. கடை வச்சதுலேர்ந்து அவரு வாயில அந்த வார்த்தை வந்ததில்ல.

அதுக்கப்புறம்தான் கூத்து. தினம் காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, போறவங்க வர்றவங்க மூஞ்சியை உத்து உத்துப் பாக்குறாரு. ஒரு கண்டக்டர், "இன்னாய்யா முறைக்கிற?"ன்னு சட்டையைப் புடிச்சிருக்காரு. இவரு, "இல்லீங்க, உங்க கன்னத்துல செம்பு நிறம் இருக்குது, அதான்"ன்னு சொல்லியிருக்காரு. சட்டை கிழிஞ்சு வந்துது. எதிர்வூட்டு கெங்கம்மாள் வந்து, "உன் வூட்டுக்காரரு என்னை எதுக்கு வெய்யில்ல நிக்கச் சொல்றாரு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேக்குது.

நான் ஒண்ணும் கேக்கல. நீ எழுதினது தப்புன்னும் சொல்லல. மனசுல இருந்தா எழுதித்தான் ஆகணும். பாப்பா மட்டும் "அத்தை வருவாங்களா"ன்னு தினம் கேக்குறா, அதுக்கு என்ன சொல்றதுன்னு மட்டும் எழுது.

அண்ணி

*

திண்டிவனம்
18.8.2025

அருமைத் தங்கச்சி அமலாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது.

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். "அமலா மஞ்சள் நீராட்டு 2009"ன்னு ஃபைல் இருந்துது. அப்பல்லாம் எனக்கு லேயரை ஒட்டத் தெரியாது, அதனால எல்லாம் தனித்தனியா அப்படியே இருந்துது. மேல போட்டிருந்த வெளிச்சத்தை அணைச்சேன். அடியில நீ இருந்தே. பதிமூணு வயசு, பாவாடை சட்டை, ரெட்டைச் சடை. உன் பென்டிரைவைச் சொருகி ஒன்பதாம் நம்பரைப் பக்கத்துல வச்சேன். ரெண்டும் ஒரே பொண்ணு.

எங்கியோ பாத்த மூஞ்சின்னு எழுதினேனே, நான் எப்பேர்ப்பட்ட மடையன். ஒரே தட்டுல சாப்ட்ட தங்கச்சியை அடையாளம் தெரியாம, எழுவது பாயிண்ட் ஏத்தி உனக்கே அனுப்பியிருக்கேன்.

சித்தப்பா வந்ததும் ஞாபகம் வந்துது. சடங்குக்கு முன்னாடி நீ பேனரைப் பாக்குற ஆசையில பழைய பாவாடையோட வாசல்ல வந்து நின்னே. சித்தப்பா பேனரைப் பாத்தாரு, உன்னைப் பாத்தாரு. "ஏம்மா, பொண்ணு உள்ள இருக்குதா? வரச்சொல்லு"ன்னு உன்கிட்டயே கேட்டாரு. பந்தலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். டிசைன் அவ்ளோ நல்லா வந்திருக்குதேன்னு எனக்குப் பெருமை வேற. நீ உள்ள போயி கதவைச் சாத்திக்கினே. பொம்பளப் புள்ள, வெக்கப்படுதுன்னு நெனச்சுக்கினோம். பதினாறு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். என்னை மன்னிச்சுடும்மா.

பென்டிரைவ் அனுப்பியிருக்கேன். தையலை மட்டும் மறைச்சிருக்கேன், சத்தியமா வேற எதுலயும் கை வைக்கல. அந்தக் கோட்டை மறைக்கணும்னா அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசணும். அதுக்காக உன் முகத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். கறுப்புன்னு ஒரே நிறம் இருக்கும்னு இத்தினி வருஷமா நெனச்சேன். அதுல செவப்பு இருக்குது, மூக்கு நுனியில செம்பு இருக்குது, காதுக்குப் பின்னாடி லேசா நீலங்கூட இருக்குது. கம்ப்யூட்டரு பொய் சொல்லுதோன்னுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கயும் அப்படித்தான் இருக்குது. கண்டக்டர் கதையை உங்க அண்ணி எழுதியிருப்பா, அதை நீ நம்பலாம்.

நீ வரலைன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா மொதத் தண்ணி ஊத்துற சொம்பை வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்.

அண்ணன்

*

விழுப்புரம்
30.8.2025

மரியே வாழ்க.

என் அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன், நிஜமாவே. உன் முட்டிக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கேன். இனிமே பரண் ஏறாதே.

உன் லெட்டரைப் படிச்சு முடிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நடுவுல நடுவுல எழுந்து போயி மூஞ்சி கழுவ வேண்டியதா இருந்துச்சு. அதைப் பத்தி நேர்ல பேசலாம்.

பன்னெண்டு முகத்தையும் இன்னைக்குக் காட்டினோம். அக்கின்யி மேடம் கென்யாப் பொண்ணைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "காதுக்குப் பின்னாடி எட்டு நிறம் வச்சிருக்காரே, யாரு இவரு?"ன்னு கேட்டாங்க. அதே ஆள்தான் மேடம்னேன். அவங்க நம்பல. திருஷ்டி பொம்மைக்காரரா? ஆமா மேடம், அவரேதான். சிரிச்சு சிரிச்சு அவங்களுக்குப் புரையேறிடுச்சு. அப்புறம் ஒன்பதாம் நம்பரைக் காட்டி, இவளை யாரும் மாத்த வேணாம்னு சொன்னாங்க. சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அவ இனிமே என்னோடவ.

ஏழாந்தேதி வர்றேன். மொதத் தண்ணி நான்தான் ஊத்துவேன்.

உன் அமலா

*

திண்டிவனம்
5.9.2025

தங்கச்சிக்கு அவசரமா எழுதிக்கிறது. நீ நாளான்னைக்கு வர்றதுக்குள்ள இது வருதோ இல்லியோ, உன் மேல ஆணையா போன் பண்ண மாட்டேன், பண்ணா அழுதுடுவேன்.

பேனரைக் கட்டிட்டேன். இருவது அடி. பூஜ்யம் பாயிண்ட். பாப்பா எப்படி இருக்காளோ அப்படி. கட்டின அரை மணி நேரத்துல பிரான்சிஸ் ஓடியாந்து, "இன்னா மாமா, இங்க் தீந்துட்டுதா?"ங்கிறான். கெங்கம்மாள், யாரோ பாப்பாவைக் கண்ணு வச்சிட்டாங்கன்னு மிளகா சுத்திப் போட்டுட்டுப் போயிட்டுது. முருகையன் தன் கல்யாண பேனரை வேற கடைக்கு எடுத்துக்கினு போயிட்டான், நான் அவனைக் கறுப்பாக்கிடுவேனாம். டேய், நீ ஏற்கனவே அப்படித்தாண்டா இருக்கேன்னேன். அதுக்கும் கோவிச்சுக்கினான்.

பாப்பா மட்டும் ரொம்ப நேரம் நின்னு பாத்தா. அப்புறம் போயி கூட்டாளிங்க ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கினு வந்து பேனருக்குக் கீழ நிக்க வச்சு செல்பி எடுத்துக்கினா. ஜல்தியா வந்து சேரு.

அண்ணன்

*

விழுப்புரம்
10.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமா வந்து சேந்துட்டேன். அண்ணி குடுத்தனுப்பின கறிக்குழம்பு ஹாஸ்டல் வாசலைத் தாண்டுறதுக்குள்ள காலி. கை இன்னும் மஞ்சளா இருக்கு, கழுவ மனசில்ல.

நீ பந்திப் பக்கமே சுத்திக்கினு இருந்தே, அதனால ஒண்ணை நீ பாக்கல. சடங்குக்கு முன்னாடி பாப்பா என்ன பண்ணா தெரியுமா? நான் பண்ணதையேதான். பழைய பாவாடையோட பேனரைப் பாக்க வாசலுக்கு ஓடிட்டா. அவளைப் புடிக்க நான் பின்னாலயே ஓடுறேன், எதிர்ல மெட்ராஸ் சித்தப்பா ஆட்டோவுலேர்ந்து இறங்குறாரு. நான் பந்தக்கால்கிட்டயே நின்னுட்டேன்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைச்சு மாட்டினாரு. பேனரைப் பாத்தாரு. பாப்பாவைப் பாத்தாரு. யாரையும் ஒண்ணும் கேக்கல. நேரா அவகிட்ட போயி, தலையில கை வச்சு, "நல்லாருடா என் தங்கம்"னு சொல்லிப் பைக்குள்ள இருந்த வளையலை அவ கையிலயே போட்டுட்டாரு. நான் பந்தக்காலைப் புடிச்சுக்கினு அழுதேன். கண்ணுல மஞ்சத்தூள் பட்டுடுச்சுன்னு அண்ணிகிட்ட சொன்னது பொய்.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சித்தப்பா என் பக்கம் திரும்பினாரு. மேலும் கீழும் பாத்தாரு. "நீ யாரும்மா?"ன்னாரு.

அமலா சித்தப்பான்னேன். "போம்மா, அமலாவை எனக்குத் தெரியாதா"ன்னு கையைப் புடிச்சு உள்ள இழுத்துக்கினு போயி, ஹால்ல மாட்டியிருக்கிற என் சடங்கு போட்டோவைக் காட்டுறாரு. நீ போட்ட நாப்பது பாயிண்ட். நான் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினப்புறம்தான் அவரு சாப்பிடவே போனாரு.

அந்தப் போட்டோவை என்ன செய்யணும்னு உனக்கே தெரியும்.

பாப்பாவுக்கும் அண்ணிக்கும் முத்தம். இந்தத் தடவை உனக்கும் ஒண்ணு.

அமலா

*

திண்டிவனம்
16.9.2025

சேசு மரி சூசை துணை.

அருமைத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கிறது. நாங்க மூணு பேரும் சுகம். மெஷினுக்கு இருமல் நின்னுட்டுது. முட்டிக்குத் தைலம் நல்லா கேக்குது.

ஹால் போட்டோவை அன்னைக்கே இறக்கிட்டேன். அந்த 2009 ஃபைலைத் தொறந்து, வெளிச்சத்தை அணைச்சு, புதுசா பிரிண்ட் போட்டு மாட்டிட்டேன். உனக்கும் ஒண்ணு ஃபிரேம் போட்டு இத்தோட வச்சிருக்கேன். முருகையன் திரும்பி வந்துட்டான். அந்தக் கடையில அவனுக்கு எழுவது ஏத்திட்டாங்களாம், பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளையை மாத்திட்டீங்களான்னு சண்டைக்கு வந்துட்டாங்களாம்.

ஒரு விஷயம் சொல்லணும். கடையில கல்லாவுக்கு மேல "உரிமையாளர்"னு என் போட்டோ ஒண்ணு மாட்டியிருக்குமே, கடை தொறந்த அன்னைக்கு நானே அறுவது ஏத்திப் போட்டது. அதை மட்டும் உட்டுடு, கடைக்காரன் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கட்டும்னு பாப்பாகிட்ட கெஞ்சினேன். அவ கேக்கல, ஸ்டூல் போட்டு ஏறி பூஜ்யம் பாயிண்ட் போட்டோவா மாத்திட்டா. நேத்திக்கு ஒரு புது கஸ்டமர் வந்தாரு. போட்டோவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "ஓனரு நீங்கதானே?"ன்னு உக்காந்து டிசைன் பேச ஆரம்பிச்சிட்டாரு.

இருவத்திரெண்டு வருஷமா புதுசா வர்றவங்கெல்லாம் என்னைப் பாத்து, "ஓனரைக் கூப்பிடுப்பா"ன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. நானும் உள்ள போயி சட்டையை மாத்திக்கினு ஓனரா வெளிய வருவேன்.

ஃபிரேம்ல கண்ணாடி இருக்குது, பாத்துப் பிரி. மல்லாட்டை அடியில வச்சிருக்கேன்.

அண்ணன் ஆரோக்கியராஜ்